நாலாவது படி

முட்டைக்காரருக்குக் காது கூர்மை. இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் போதும், எதில் கீறல், எது முழுசு என்று சொல்லிவிடுவார். முழு முட்டை கூழாங்கல் மாதிரிப் பேசும், கீறல் முட்டை ஓட்டைத் தகரம் மாதிரிப் பேசும் என்பார். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளில் ஆரம்பித்தவர், பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். விடிந்ததும் பண்ணை வேனிலிருந்து நாற்பது அட்டை இறக்கி, வண்டியின் பின்னால் இரண்டு பக்கமும் தொங்கும் பெட்டிகளில் அடுக்குவார். அட்டைக்கு முப்பது முட்டை. பேக்கரி, ஓட்டல், மளிகைக்கடை என்று சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குள் வெறும் பெட்டியோடு திரும்பிவிடுவார். ஊரில் எந்தத் தெருவில் எங்கே பள்ளம் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வார்.

ஆள் முரடு. கடைக்காரன் இரண்டு உடைந்திருக்கிறது என்றால், உன் கை பட்டுத்தான் உடைந்தது என்று அடித்துப் பேசுவார். மறுநாள் மூன்று முட்டை கூட வைத்துவிட்டு வருவார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு பிடித்திருந்தால் தட்டை இன்னொரு தரம் நீட்டுவார். அதுதான் பாராட்டு, அதுவே நன்றி.

அவர் மனைவி கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவள். மூக்குக் கண்ணாடிகளுக்கு வில்லை மாட்டுவது, கடுகு அளவு ஆணியை முடுக்குவது, வந்தவர் மூக்கில் உட்காரவைத்து வளைத்து நிமிர்த்திச் சரி செய்வது, எல்லாம் அவள்தான். கடை முதலாளியே தன் கண்ணாடியை அவளிடம்தான் நீட்டுவார்.

தினமும் ஒன்பதே முக்காலுக்கு முட்டைக்காரர் பெட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு, சீட்டை ஈரத்துணியால் துடைத்து, அவளை ஏற்றிக்கொண்டு போய்க் கடையில் விடுவார். இருபத்திரண்டு நிமிஷப் பயணம். அந்த இருபத்திரண்டு நிமிஷம்தான் அவர்கள் குடித்தனமே. வீட்டுக்குள் இருவரும் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வராது. வண்டியில் ஏறிவிட்டால் அவர் முகம் முன்னால், அவள் வாய் அவர் வலது காதருகே. கடையில் நடந்தது, கட்டிக்கொடுத்த மகள் போனில் சொன்னது, பால்காரனின் சண்டை, மனசில் கிடக்கிற சின்னச் சின்னக் கவலை எல்லாம் வந்து விழும். அவர் பங்குக்கு ஒரே ஒரு சொல்தான், "அப்புறம்?" அதைச் சரியான இடத்தில் போடத் தெரிந்தவர். தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இருபது வருஷத்தில் இரண்டு தட்டு விழுந்தது கைவிரல் எண்ணிக்கைதான். செருப்பு விழுந்தபோது, குடை பறந்தபோது, அப்படி.

போன வருஷக் கடைசியில் அவளுக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகியது. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கடைசியில் ஆபரேஷன். இருபது வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் செய்த வேலைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். முட்டைக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த காரணம் வேறு.

வண்டியின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் உண்டல்லவா, அதன் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஐந்து படி. வளையத்தைத் திருப்பி மேல் படிக்கு ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும், கீழ்ப்படிக்கு இறக்கினால் தளரும். முட்டைப் பாரத்துக்காக அவர் வண்டி வாங்கிய அன்றே ஐந்தாவது படியில் ஏற்றியவர், அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. காலையில் முட்டைக்கு எந்தப் படியோ, ஒன்பதே முக்காலுக்கு மனைவிக்கும் அதே படிதான். இத்தனை வருஷமும் முட்டைக்குப் பார்த்த கவனத்தை அவள் முதுகுக்குப் பார்க்கவில்லை, கல் பெஞ்சில் உட்காரவைத்துக் குலுக்கிக் குலுக்கி அந்த முதுகைத் தின்றது நான்தான் என்று அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மாசம் கழித்து, இனி வண்டியில் போகலாம், ஆனால் தூக்கிப் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே முட்டைக்காரர் சுத்தியலும் திருப்புளியும் வைத்துத் தட்டித் தட்டி, இரண்டு பக்கத்து வளையத்தையும் கடைசிக்கு, முதல் படிக்கு இறக்கினார். கையால் சீட்டை அமுக்கிப் பார்த்தார். மெத்தை மாதிரி அமுங்கியது. மனசு நிறைந்துபோயிற்று. மறுநாளிலிருந்து முட்டையைப் பாதிப் பாதியாக இரண்டு நடை கொண்டுபோனார். வேலை இரட்டிப்பானது. பரவாயில்லை, அவளுக்கு மெத்தென்று இருக்கட்டும்.

முதல் நாள் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நடந்து போகிறவன் முந்திப் போகிற வேகம். இரண்டு வேகத்தடை தாண்டியது. மூன்றாவது தபாலாபீஸ் முனையில். ஊரிலேயே உயரமான வேகத்தடை அது, எவன் போட்டானோ. அதில் பின்சக்கரம் ஏறி இறங்கியபோது அடியிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். முட்டைக்காரரின் காதுக்கு அந்தச் சத்தம் தெரியும். எங்கோ எதுவோ உடைந்த சத்தம். அவர் திரும்புவதற்குள் தோளில் இரண்டு தட்டு.

அவள் இறங்கினாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "நீங்க போங்க, நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம் பஸ்தான். ஏழு வாரம். ஒருநாள் அவராக, வர்றியா என்று கேட்டார். "பஸ்ஸே சவுகரியமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இப்போது அதற்கும் ஒரு கேடு வந்தது. கண்ணாடிக்கடை வேறு கட்டடத்துக்கு மாறுகிறது, திங்கட்கிழமை முதல் அங்கேதான். அந்தப் பக்கம் நேர் பஸ் கிடையாது. இரண்டு பஸ் மாறணும், இரண்டாவதில் உட்கார இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள், "வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்." மேஜை மேல் அவளுடைய சின்னத் திருப்புளி கிடந்தது, தீக்குச்சி பருமன் இருக்கும். முட்டைக்காரர் அதை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். அந்தத் திருப்புளியைப் பிடிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை கடைகளுக்கு முட்டை போட்டு முடித்ததும் நேராக மெக்கானிக்கிடம் போனார். எல்லாரும் அவனை ஆயில் என்று கூப்பிடுவார்கள், அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான். இதைவிடத் தளர்ச்சியாக ஸ்பிரிங் கிடைக்குமா என்று கேட்டார். ஆயில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். எழுந்து வந்தவன் அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணே, முட்டைய வெறும் பஞ்சு மேல வச்சு, பஞ்சத் தரையில வச்சு, தூக்கிப் போட்டா என்ன ஆகும்?"

"உடையும். பஞ்சு அமுங்கித் தரை தட்டிடும்."

"அதைத்தான் நீங்க பண்ணி வச்சிருக்கீங்க. ஸ்பிரிங் முழுசா அமுங்கி, உள்ள இருக்கற ரப்பர் கட்டை நசுங்கிக் கிடக்குது. வேகத்தடையில தரை நேரா அண்ணியோட முதுகுல போய் முட்டியிருக்கு."

முட்டைக்காரர் அங்கேயிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆயில் பேசிக்கொண்டே போனான். ரப்பர் கட்டையை இப்போதே மாற்றித் தருகிறேன், ஆனால் எந்தப் படி என்று என்னால் சும்மா சொல்ல முடியாது. ஆள் உட்காரும்போது பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கணும். ஒன்றரை அங்குலம் இறங்கினால் சரி, ரொம்ப இறங்கினால் தரை தட்டும், இறங்கவே இல்லையென்றால் தூக்கிப் போடும். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாங்க, அரை மணியில் வைத்துத் தருகிறேன் என்றான். அவள் வரமாட்டாள் என்று சொல்ல முட்டைக்காரருக்கு வாய் வரவில்லை. வீட்டிலேயே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ரப்பர் கட்டை மாற்றி முடிந்ததும், வளையத்தைத் திருப்புகிற கொக்கி ஸ்பேனரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் உள்ளே படுத்திருந்தாள். முட்டைக்காரர் வாசல் சிமெண்டுத் தரையில் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டார். வளையத்தைச் சுற்றிச் சேறும் துருவும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிட்டார். இடது பக்கம் நாலைந்து முறை அசைத்ததும் வழிக்கு வந்தது. வலது பக்கம் பிடிவாதம் பிடித்தது. ஸ்பேனர் நழுவி விரல் மூட்டு சைலன்சரில் மோதித் தோல் உரிந்தது. அந்த வண்டியை, செய்தவனை, வித்தவனை, எல்லாரையும் வாய்க்குள்ளேயே நாலு வார்த்தை வைதார். ஒருவழியாக இரண்டும் நகர்ந்தன.

அடுத்தது ஆள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் எடை ஐம்பத்தெட்டு என்று இருந்தது. கோழித்தீவன மூட்டை ஐம்பது கிலோ, அதன் மேல் எட்டுக் கிலோ மணல். இரண்டையும் பின் சீட்டில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். உச்சியில் ஒரு அட்டை முட்டையை வைத்து அதையும் கட்டினார். ஒரு சுற்றுப் போய் வருவது, முட்டை பிழைத்தால் முதுகு பிழைக்கும் என்பது கணக்கு.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் கழுத்தில் இஞ்சு டேப்போடு வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அந்த டேப் அவர் கழுத்தைவிட்டு இறங்காது. மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாருய்யா இது, உன்னோட ஜோடியா ஊர் சுத்தக் கிளம்பிட்டுது? தங்கச்சிக்குத் தெரியுமா?"

"உன் டேப்பைக் குடு. வாயை மூடு."

"டேப்பு வேணும்னா நானும் வருவேன். நான் இல்லாம அது யாரையும் அளக்காது."

இந்தச் சத்தத்தில் அவள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். தன் இடத்தில் ஒரு மூட்டை உட்கார்ந்திருப்பதை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"என்னங்க, யாரு அது?"

"நீதான்," என்றார் முட்டைக்காரர், நிமிராமல்.

தையல்காரர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நான் அவ்வளவு பருமனா?"

"அம்பத்தெட்டு. சீட்டுல இருந்துது."

"அது அப்போ. இப்ப அம்பத்தாறு. மேல முட்டை எதுக்கு?"

"அது உன் முதுகு."

அவள் கிட்டே வந்தாள். குனியக்கூடாது என்பதால் சுவரைப் பிடித்து முழங்காலை மடித்து உட்கார்ந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். கண்ணாடியின் இரண்டு மூக்குத் தாங்கியில் எது நூலளவு உயரம் என்று பார்த்துப் பழகிய கண் அது, உடனே பிடித்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லையே. இந்தப் பக்கம் ஒரு படி ஏறியிருக்கு."

"வேணும்னுதான் வச்சேன். உன் பை இடது தோள்ல இருக்கும்ல. அந்தப் பாரத்துக்கு ஒரு படி."

தையல்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, வாய்விட்டே சிரித்தார். அவளும் சிரித்தாள். முதுகைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல மாசம் ஆகியிருந்தது. முட்டைக்காரருக்குக் கோபம் வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள், "கண்ணாடிய மூட்டைக்கு மாட்டிப் பாத்தா எப்படிங்க மூக்குக்குச் சரியாகும்? போடறவங்க வந்து உக்காரணும்ல?"

"நீதான் உக்கார மாட்டேங்கறியே."

இதைச் சொன்ன குரல் முரட்டுக் குரல்தான், ஆனால் கடைசியில் லேசாக இடறியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசினார். முகத்துக்கு நேரே பேசத் தெரியாதவர், அதனால் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். இத்தனை வருஷம் ஐந்தாவது படியில் வைத்து அவள் முதுகைக் கெடுத்தது தான்தான் என்றார். சரிக்கட்டுகிறேன் என்று அடியோடு இறக்கிவைத்து, ஆபரேஷன் முதுகைத் தரையில் முட்டவைத்ததும் தான்தான் என்றார். "உன்னை அடிச்சது அந்த வேகத்தடை இல்ல. நான்."

தையல்காரருக்கு வீட்டுக்குள் ஏதோ வேலை நினைவுக்கு வந்துவிட்டது. போய்விட்டார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு வலித்தது ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் ஆபரேஷன் பண்ணினதெல்லாம் போச்சு, இனி படுக்கைதான் என்று பயந்துவிட்டாள். அவரிடம் சொன்னால் இடிந்துபோவார் என்று, பஸ் பிடித்துத் தனியாக டாக்டரிடம் போனாள். ஒரு கேடும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். முதுகு அன்றைக்கே சரி, பயம்தான் இன்னும் இறங்கவில்லை. "வண்டியப் பாத்தாலே அந்தச் சத்தம் காதுல கேக்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? பஸ்ஸு சவுகரியம்னு சொல்லிட்டேன்." பையை இடது தோளில் வைத்தபடி ஏழு வாரமும் நின்றுகொண்டே போனதையும் அப்போதுதான் சொன்னாள்.

முட்டைக்காரர் உரிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முட்டைய இறக்குங்க," என்றாள் அவள். "மூட்டையையும். நான் உக்கார்றேன். வண்டி நகரக்கூடாது."

"நகராது."

தையல்காரரைக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருப்பார் போல, கூப்பிட்ட நொடியில் வந்தார். சக்கர நட்டுக்கு நேர் மேலே சீட்டின் அடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஆளில்லாமல் அளந்தார், இருபத்தொன்றே கால். முட்டைக்காரர் இரண்டு பக்கத்தையும் இரண்டாவது படியில் ஒன்றாக வைத்து, ஸ்டாண்டை எடுத்து, ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். அவள் அவர் தோளைப் பிடித்தாள். விரல் பதிகிற பிடி. வலது காலை மெல்ல மெல்லத் தூக்கி அந்தப் பக்கம் போட ஒரு நிமிஷம் ஆயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பத்தொன்பதே கால்," என்றார் தையல்காரர், கல்யாணச் சட்டைக்கு அளவு சொல்கிற குரலில். "ரெண்டு அங்குலம் இறங்குது. இடுப்புல லூசு."

இறங்கினார்கள். அவர் வண்டியை ஸ்டாண்டில் தூக்கிப் போட்டு மூன்றாவது படிக்குத் திருப்பினார். மறுபடி ஏறினார்கள். பத்தொன்பதரை. இன்னும் லூசு. மறுபடி இறங்கினார்கள். நாலாவது படி வலது பக்கம் முரண்டு பிடித்தது, அவர் பல்லைக் கடித்துத் திருப்பினார். மூன்றாவது தரம் ஏறும்போது அவள் கடைக்கு வரப்போகிற புது மேஜையைப் பற்றித் தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். தோளில் பிடி இல்லை, கை சும்மா வைத்திருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை, முட்டைக்காரர் கவனித்தார். ஆனால் மூச்சு விடவில்லை.

"பத்தொன்பதே முக்கால். ஒன்றரை அங்குலம், அச்சா உக்காந்திருக்கு. எடுத்துத் தைச்சிடலாம்."

நாலாவது படி. முட்டைக்காரர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஐந்துக்கும் நாலுக்கும் ஒரே ஒரு படி. இத்தனை வருஷம் அவளைக் கல் பெஞ்சில் வைத்துக்கொண்டு போகவில்லை, ஒரு படி தப்பில்தான் கொண்டுபோயிருக்கிறார். அவள் அதைப் புரிந்துகொண்ட மாதிரி, "டாக்டர்தான் சொன்னாரே, குனிஞ்சு குனிஞ்சு வந்ததுன்னு. அவரைவிட நீங்க படிச்சவரா?" என்றாள்.

"ஆறாங்கிளாஸ்," என்றார் அவர்.

வண்டி நகரக்கூடாது என்று சொன்னவள் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, தபாலாபீஸ் வரைக்கும் என்றாள்.

நிஜமாகவா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுமோ என்று பயம். இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக் கொடுத்தவர் தையல்காரர்தான். சின்ன வேகத்தடை இரண்டும் வந்தன, போயின. அவள் ஒன்றும் பேசவில்லை. தோளில் விரல்கள் மறுபடி இறுகியிருந்தன. தபாலாபீஸ் முனை தெரிந்ததும் முட்டைக்காரருக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆயிரத்து இருநூறு முட்டையோடு அதைத் தாண்டியபோதெல்லாம் வேர்க்காத கை. விளக்குக் கம்பம் நெருங்கியது. அப்போது காதருகே குரல் வந்தது. பயத்தை மறக்கத்தான் ஆரம்பித்தாளோ என்னவோ.

"நேத்துக் கடைக்கு ஒருத்தர் வந்தாருங்க. மூக்கு ஒரு பக்கமா வளைஞ்ச மூக்கு. எந்தக் கண்ணாடியும் நிக்கல. எங்க முதலாளி என்ன பண்ணாரு தெரியுமா, கண்ணாடிய விட்டுட்டு அவர் தலையைப் பிடிச்சுச் சாய்க்கறாரு..."

முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. முட்டைக்காரர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். ஸ்பிரிங் அமுங்கி மூச்சு விட்ட சத்தம், புஸ் என்று. அவ்வளவுதான். அவள் பேச்சு அறுபடவே இல்லை. சாய்க்கறாரு என்ற சொல் வேகத்தடைக்கு இந்தப் பக்கம், "இப்பப் பாருங்க சரியா இருக்குன்னு சொல்றாரு" என்பது அந்தப் பக்கம்.

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது போல. பேச்சை நிறுத்தினாள். தோளில் கை அசைந்தது. ஒரு தட்டா இரண்டா என்று அவர் காத்திருந்தார். தட்டு விழவில்லை. வண்டி தபாலாபீஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.